வன்னி வெயிலைத் தாங்கும் மர டாஷ்போட்: பழைய காரின் உள் மரப் பாகங்களைப் புதிதாகச் செய்தல்

வன்னியில் பழைய கார் என்றதும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஏ55 கேம்பிரிட்ஜ் ஆகியவைதான் நினைவுக்கு வரும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. அவற்றின் டாஷ்போட் தகரம், எனவே இந்த வழிகாட்டி அவற்றுக்குத் தேவைப்படாது. 1957 முதல் 1965 வரை வந்த வூல்ஸ்லி 1500, றைலி 1.5, அல்லது 1961இல் வந்த றயம்ப் ஹெரால்ட் 1200 உங்களிடம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள். வூல்ஸ்லியும் றைலியும் மொறிஸ் மைனரின் அடித்தளத்தில் 1489 சிசி எஞ்சினை வைத்துக் கட்டப்பட்டவை. உள்ளே மட்டும் பணக்காரத் தோற்றம் தரவேண்டும் என்று டாஷ்போட்டிலும் கதவு மேற்பட்டையிலும் வால்நட் மரத்தின் மெல்லிய தோலை ஒட்டியிருந்தார்கள். அந்தத் தோல்தான் இப்போது வெடித்துச் சுருண்டு நிற்கிறது. சிலர் அதை உரித்துவிட்டு போர்மைக்கா ஒட்டியிருப்பார்கள். இன்னும் சில வண்டிகளில் டாஷ்போட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருக்கும்.

மொறிஸ் மைனர் ட்ரவலரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பின்பக்கத்தில் தெரியும் மரச்சட்டம் அலங்காரம் அல்ல, உடலைத் தாங்குவதே அந்த ஆஷ் மரச் சட்டம்தான். அது உக்கியிருந்தால் வேறு வகையான வேலை. இங்கே சொல்லும் முறையில் அதைத் தொடவேண்டாம்.

இந்த வேலையைத் தொடங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது "என்ன மரம் போடலாம்?" என்றுதான். நல்ல கேள்வி. ஆனால் வன்னியில் ஒரு டாஷ்போட் பத்து வருடம் நிற்குமா, இரண்டு வருடத்தில் கிளம்புமா என்பதை முடிவு செய்வது மரமல்ல. முதலில் அச்சுப்பலகை (அளவெடுத்து வெட்டும் மாதிரிப் பலகை), பிறகு பசை, பிறகு மேற்பூச்சு. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போட் 70 பாகை செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். பிறகு மாரி வரும், மாதக்கணக்கில் ஈரம். குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் ஒட்டிய பசை அதற்குத் தயாராக இருந்திருக்காது.

கழற்றுதல்

முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேரெதிர். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போனில் படம் எடுங்கள். முன்னால், பின்னால், ஒவ்வொரு மீற்றரின் முதுகுப்பக்கம் என்று தாராளமாக எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். அறுபது வருடத்து வயர் உறை மடக்கினால் பொடிந்து விழும், அதனால் இழுக்காமல் நுனியைப் பிடித்துக் கழற்றவேண்டும். எண்ணெய் அழுத்த மீற்றருக்கு மெல்லிய குழாய் வந்தால் அதை மடக்கவே கூடாது. ஒருமுறை மடிந்தால் அந்த இடத்தில் வெடிக்கும்.

கதவு மேற்பட்டையைக் கழற்றக் கண்ணாடி ஏற்றும் கைபிடி தடையாக இருக்கும். பல கார்களில் கைபிடிக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த வட்டத்தகடு இருக்கும். அதை உள்ளே அமுக்கினால் கைபிடியின் கழுத்தில் குறுக்கே போகும் சின்ன ஊசி தெரியும். அதைத் தட்டி எடுத்தால் கைபிடி வந்துவிடும். அந்த ஊசி மணலில் விழுந்தால் போனதுதான், கீழே ஒரு துணி விரியுங்கள்.

உடைந்த பழைய பாகங்கள் எதையும் எறியவேண்டாம். சின்னத் துண்டாக இருந்தாலும் அதன் விளிம்புத் தடிப்பையும் வளைவையும் மூல நிறத்தையும் காட்டும். வெயில் படாத பின்பக்கத்தையோ குரோம் வளையத்துக்கு அடியில் மறைந்திருந்த இடத்தையோ பாருங்கள். கார் புதிதாக வந்த நாளில் என்ன நிறம் என்று அங்கேதான் தெரியும். முன்பக்கத்து மஞ்சள் எல்லாம் வார்னிஷ் முதிர்ந்த நிறம்.

அச்சுப்பலகை

இதற்கு ஒதுக்கும் நேரம் வீண்போகாது. பழைய மரத்தை வைத்து வரைந்து வெட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. அது பிழையான வழி. அறுபது வருடம் ஈரமும் வெயிலும் பட்ட மரம் சுருங்கியோ வளைந்தோ இருக்கும். அதை அச்சாக வைத்தால் அதன் நோயையும் சேர்த்துப் பிரதி எடுப்பீர்கள். அளவு எடுக்கவேண்டியது காரின் தகரத்திலிருந்து. பழைய மரம் சாட்சிக்கு மட்டும்.

மரம் முழுவதும் தொலைந்த வண்டிக்கும் இதே முறை பொருந்தும். 3 மில்லிமீற்றர் ஹாட்போட்டில் ஒரு துண்டை இடத்தைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டி டாஷ்போட் இடத்தில் அசையாமல் ஒட்டுங்கள். பிறகு கூரான ஒரு மரக்குச்சி எடுங்கள். அதன் நுனி தகரத்தின் விளிம்பைத் தொடும்படி ஹாட்போட்டின் மேல் படுக்கவைத்து, குச்சியின் இரண்டு பக்கத்தையும் பென்சிலால் வரைந்து, அதற்கு எண் கொடுங்கள். குச்சியிலும் ஹாட்போட்டிலும் ஒரே இடத்தில் குறுக்குக் கோடு போட்டு அதே எண்ணை எழுதுங்கள். வளைவு அதிகமான மூலைகளில் விரற்கடைக்கு ஒன்று, நேரான இடத்தில் சாணுக்கு ஒன்று போதும். பிறகு ஹாட்போட்டைக் கழற்றிப் புதிய ஹாட்போட்டின் மேல் வைத்து, குச்சியை அந்தந்தக் கோட்டில் திரும்ப வைத்தால் அதன் நுனி எங்கே நிற்கிறதோ அதுதான் விளிம்பு. புள்ளிகளை வளையும் பிளாஸ்டிக் பட்டி வைத்து இணையுங்கள். எந்த அளவுநாடாவும் தராத துல்லியம் இதில் வரும்.

அச்சை வெட்டியதும் காரில் வைத்துப் பாருங்கள். அரத்தால் இழைத்து மறுபடி வையுங்கள். சுற்றிவர ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். மேற்பூச்சின் தடிப்பும் மாரியில் மரம் ஊதுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கவேண்டும்.

மீற்றர் துளைகளைப் பழைய மரத்திலிருந்து எடுக்காமல், மீற்றரையே கலிப்பரில் அளந்து எடுங்கள். சின்ன மீற்றர்கள் பெரும்பாலும் 52 மில்லிமீற்றர் துளைக்கு வரும், ஸ்பீடோமீற்றர் காருக்குக் கார் மாறும். அளந்த அளவோடு அரை மில்லிமீற்றர் கூட்டுங்கள், ஏனென்றால் வார்னிஷ் துளையின் உட்சுவரிலும் படியும். கூட்டாமல் விட்டால் பளபளவென்று முடித்த பலகையில் கடைசி நாளில் மீற்றர் இறங்காது.

இடக் கதவு அச்சைத் திருப்பிப் போட்டால் வலக் கதவுக்குச் சரி என்று எண்ணவேண்டாம். அந்தக் காலத்துத் தகரம் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததில்லை. போதாததற்கு வன்னியில் ஓடிய காரின் கதவு எத்தனை முறை தட்டி நிமிர்த்தப்பட்டதோ யாருக்குத் தெரியும். இரண்டுக்கும் தனி அச்சு எடுங்கள்.

மரம்

வால்நட் இங்கே வளர்வதில்லை. இறக்குமதித் தோலைக் கொழும்பில் தேடி வாங்கலாம். ஆனால் வேலிக்கு நாம் நடும் பூவரசின் வைரத்தை யாரும் கவனிப்பதில்லை. முதிர்ந்த பூவரசின் நடுப்பகுதி சொக்லட் நிறம், இழை நெருக்கம், உலர்ந்தபின் அதிகம் அசையாது, மெருகும் நன்றாக ஏறும். பெரிய பலகை கிடைக்காது என்பதுதான் குறை. டாஷ்போட்டுக்குப் பெரிய பலகை வேண்டியதும் இல்லை. வால்நட்டுக்கு அருகில் வரும் நிறம் வேண்டுமென்றால் என் முதல் தேர்வு இதுதான்.

முதிரை வேறு கதை. பொன் மஞ்சள் நிறம், ஒளி படும் கோணத்துக்கு ஏற்ப அலையடிக்கும் இழை. பிரித்தானியர் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறிப்போய் அங்கே உயர்ந்த தளபாடங்களுக்குத் தோலாக ஒட்டப்பட்ட மரம் இது. எனவே பிரித்தானியக் காரில் முதிரை போடுவது பொருந்தாத செயல் அல்ல. ஆனால் மூலத் தோற்றம் மாறும். அது உங்கள் விருப்பம். முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுத்தான் வேலை செய்யவேண்டும். இழை மாறிமாறி ஓடுவதால் சீவுளி போட்டால் பிய்யும். ஓடாவிமார் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள், முதிரைக்கு அதுதான் சரியான கருவி.

தேக்கு எளிதாகக் கிடைக்கும், அசைவு குறைவு. அதன் எண்ணெய்த்தன்மைதான் பசைக்குப் பகை. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னரோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைக்கவேண்டும். கதவு மேற்பட்டையை முழு மரத்தில் செய்ய வேம்பும் நல்லது. மகோகனியின் குடும்பம்தான் அது, நிறமும் அந்தப் பக்கம் சாயும். பாலை வேண்டாம். அளவுக்கு மீறிய பாரம், உலரும்போது வெடிக்கும். கூரை வளைக்குப் போடட்டும்.

மரக்காலையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். முதிரை, தேக்கு, பாலை போன்றவற்றை வண்டியில் ஏற்றிச் செல்ல வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் காணியில் விழுந்த மரமானாலும் முதலில் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுவிடுங்கள். பலாவை வெட்ட அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1951இலிருந்து இருக்கிறது. கருங்காலி விற்க யாராவது இரகசியமாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வன்னிக்கே உரிய விஷயம். இங்கே மரத்துக்குள் போர்க்காலத்து ஷெல் துண்டும் சன்னமும் இருக்கலாம். அரியும் ஆலைக்காரர் அதனால்தான் சில இடத்து மரம் என்றால் முகம் சுளிப்பார். வாளின் பல் போவது மட்டுமல்ல, துண்டு பறந்து கண்ணைப் பதம் பார்க்கும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். மேற்பரப்புக்கு அருகில் இரும்பு இருந்தால் இழுக்கும். ஈயத்தையும் ஆழத்தில் இருப்பதையும் காந்தம் காட்டாது, கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி கிடைத்தால் அதுவே நல்லது. கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் நீலக் கறுப்பாகக் கறை ஓடும். பலகையின் முனையில் அப்படிக் கறை தெரிந்தால் அந்த நீளத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது. அந்தத் துண்டை ஒதுக்குங்கள்.

உலர்த்துவது பொறுமை வேலை. ஒரு அங்குலத் தடிப்புப் பலகைக்கு நிழலில் ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. சோளகம் வீசும் காலத்தில் வெளியே வைத்தால் மேல்பகுதி வேகமாக உலர்ந்து வெடிக்கும், அதனால் முனைகளுக்குப் பெயின்ட் பூசி, இடையில் பட்டி வைத்து, காற்றோட்டமுள்ள கொட்டிலில் அடுக்குங்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வாராவாரம் நிறுங்கள். எடை குறைவது நின்றால் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. அவசரம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு: 100 மில்லிமீற்றர் அகலத் தேக்கின் ஈரம் 15 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினால் அகலம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் சுருங்கும். குரோம் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது எல்லோருக்கும் தெரியும் பிளவு.

அடிப்பலகையும் தோலும்

அதனால்தான் டாஷ்போட்டை முழு மரத்தில் செய்யாமல் பிளைவூட்டின் மேல் தோல் ஒட்டிச் செய்வது. மூலத்திலும் அப்படித்தான். நீரைத் தாங்கும் மரைன் பிளைவூட் எடுங்கள், மலிவான பெட்டிப் பிளைவூட் உள்ளே வெற்றிடம் வைத்திருக்கும். தடிப்பை முடிவு செய்யும்போது முன்தோல், பின்தோல், இரண்டு பசைப் படை எல்லாவற்றையும் கழித்துக் கணக்குப் போடுங்கள். பழைய பலகை 10 மில்லிமீற்றர் என்றால் அடிப்பலகை எட்டுக்கு மேல் போகக்கூடாது. பின்பக்கத்துக்கும் தோல் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை முதல் மாரியிலேயே வில்லாக வளையும். பின்தோல் எந்த மரமாகவும் இருக்கலாம், தடிப்பும் இழை ஓடும் திசையும் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

தோலை நாமே அரியலாம். பான்ட் வாள் உள்ள பட்டறையில் மரக்கட்டையை இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் வரிசையாக அரிந்து, ஒவ்வொன்றுக்கும் வந்த ஒழுங்கில் எண் போடுங்கள். இழைத்தபின் ஒரு மில்லிமீற்றர் சொச்சம் மிஞ்சும். கடையில் வரும் 0.6 மில்லிமீற்றர் தோலைவிட இது எவ்வளவோ நல்லது. பின்னால் கீறல் விழுந்தாலும் இன்னொருமுறை தேய்க்க இடமிருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம்போல் விரித்து ஒட்டினால் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தமாதிரி வரும். டாஷ்போட்டுக்கும் அதிலுள்ள சாமான் பெட்டியின் மூடிக்கும் கதவுகளுக்கும் ஒரே கட்டையின் ஏடுகளே வேண்டும். வேறு வேறு கட்டையில் செய்தது வண்டிக்குள் ஏறிய முதல் ஆளுக்கே தெரிந்துவிடும்.

பசை

தச்சர்கள் எல்லோரும் வைத்திருக்கும் வெள்ளைப் பசை கதிரை மேசைக்கு அருமை. வெயிலில் நிற்கும் காருக்கு ஆகாது. சூட்டில் இளகித் தோல் மெல்ல நகரும். இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் ரப்பர்ப் பசையும் அப்படியே, சித்திரை முடிவதற்குள் கொப்புளம் போடும். பொடியாக வந்து தண்ணீரில் கரைக்கும் யூரியா போமல்டிஹைட் பசை கிடைத்தால் அதையே வாங்குங்கள். காய்ந்தபின் கண்ணாடிபோல் இறுகும், சூட்டில் இளகாது.

எபொக்சிதான் கிடைக்கிறது என்றால் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். சாதாரண வெப்பத்தில் காய்ந்த எபொக்சி 50, 60 பாகையில் மிருதுவாகத் தொடங்கும். அதற்கு வழி, ஒட்டி நன்றாகக் காய்ந்தபின் பலகைகளுக்கிடையில் இறுக்கிய நிலையிலேயே கறுப்புத் துணி போர்த்தி நல்ல வெயிலில் சில நாள் வைப்பது. மெதுவாகச் சூடேறும்போது அதன் தாங்கும் வெப்பமும் உயரும். வெயிலை நம் பக்கம் வேலைசெய்ய வைக்கும் ஒரே கட்டம் இதுதான். எபொக்சியை விடியற்காலையில் கலக்குங்கள், சிறிதுசிறிதாக, அகலத் தட்டில். நடுப்பகலில் ஒரு கோப்பை நிறையக் கலந்தால் பூசி முடிப்பதற்குள் கோப்பைக்குள்ளேயே கொதித்துக் கல்லாகும்.

தட்டையான பலகைக்கு இரண்டு தடித்த பலகைகளும் கிளாம்புகளும் போதும். இடையில் பொலித்தீன் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாக ஒட்டும். வளைந்த இடத்துக்கு உலர்ந்த மணலைத் துணிப் பையில் கட்டி மேலே வைத்துப் பாரம் ஏற்றினால் மணல் வளைவோடு படியும். கதவு மேற்பட்டை போன்ற ஒடுங்கிய பாகத்துக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். கிளாம்ப் தராத சீரான அழுத்தம் அதில் கிடைக்கும்.

வெட்டுதல், துளைத்தல்

துளைகளைத் தோல் ஒட்டியபின்தான் போடவேண்டும். முன்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, பின்னால் இன்னொரு பலகை வைத்து இறுக்கி, அச்சைப் பிடித்து றூட்டர் என்ற மரம் குடையும் கருவியால் சுற்றுங்கள். றூட்டர் இல்லையென்றால் நுண்வாளால் சற்று உள்ளே வெட்டி அரத்தால் கோட்டுக்கு வாருங்கள்.

கதவு மேற்பட்டையை முழு மரத்தில் செய்தால் திருகாணித் துளை நீள்வட்டமாக இருக்கட்டும், அப்போது மரம் அசைய இடமிருக்கும். பித்தளைத் திருகாணியைப் பூவரசிலோ முதிரையிலோ நேரே முடுக்கினால் கழுத்து முறியும். துளைபோட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முடுக்கிக் கழற்றி, பிறகு மெழுகு தடவிய பித்தளையைப் போடுங்கள்.

மேற்பூச்சு

120, 180, 240, 320 என்று அரத்தாளை ஏற்றிக்கொண்டு போங்கள், எப்போதும் இழையோடு. 240க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எழும்பும். அதை 320 வெட்டிவிடும். தேக்கின் துவாரங்களை நிரப்பியால் அடைக்கவேண்டும், பூவரசுக்கும் முதிரைக்கும் பூச்சே போதும்.

அரக்குப் பொலிஷ் அழகு, ஆனால் சூட்டுக்கு ஒட்டும். காருக்கு வேண்டாம். பழைய முறை நைட்ரோசெலுலோஸ் லக்கர். மாரியில் அடித்தால் காற்றின் ஈரத்தை வாங்கி வெள்ளை படரும், அதனால் உலர்ந்த நாளில் மட்டும். இரு கலவைப் பொலியூரேதேன் மிக உறுதியானது. ஆனால் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாய்க்கு நிரந்தரக் கேடு செய்யும், சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. உரிய சுவாசக்கவசம் இல்லாவிட்டால் பெயின்ட் கராஜில் அடித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் தூரிகையோடு செய்பவருக்குப் புற ஊதாக் கதிர் தடுக்கும் படகு வார்னிஷ் ஏற்றது. ஆறேழு மெல்லிய பூச்சு, இடையிடையே 400ஆல் மெதுவாகத் தேய்ப்பு. சோளகத்தில் தூசி பெரிய தொல்லை. விடியற்காலையில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசுங்கள். பின்பக்கம், விளிம்பு, துளையின் உட்சுவர் எல்லாவற்றுக்கும் பூச்சு வேண்டும். ஈரம் நுழைவது பெரும்பாலும் பூசாமல் விட்ட விளிம்பால்தான். கடைசிப் பூச்சு நன்றாக இறுக விடுங்கள். பிறகு 1000, 2000 நீர்த்தாளும் மெருகுப் பசையும்.

பொருத்துதல்

பொருத்தியபின் மீற்றர் விளக்கு எரியவில்லை, முள் ஆடுகிறது என்றால் முதலில் உடலிணைப்பு வயரைப் பாருங்கள். மரம் மின் கடத்தாது. ஒவ்வொரு மீற்றரின் முதுகிலிருந்தும் தகரத்துக்குத் தனி வயர் போகவேண்டும். இடையில் யாராவது தகரத் தட்டு வைத்து ஓட்டியிருந்தால் அந்த வயர்கள் காணாமற்போயிருக்கும். தகரத்தில் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி விடுங்கள். மரமும் தகரமும் உரசும் இடத்தில் மெல்லிய கம்பளிப் பட்டி ஒட்டினால் கீச்சொலி வராது.

திருகாணிகளை முழுப்பலத்தோடு முடுக்கவேண்டாம். முதல் மாரியும் முதல் வெயிலும் கழிந்தபின் ஒருமுறை திறந்து தளர்ந்ததை முடுக்கி, இறுகியதைத் தளர்த்துங்கள். துடைக்க ஈரம் பிழிந்த துணி போதும். சிலிக்கன் கலந்த பளபளப்பு ஸ்பிரே மட்டும் வேண்டாம். பின்னொருநாள் கீறலைத் திருத்தி வார்னிஷ் பூசினால் அது படிந்த இடத்திலெல்லாம் பூச்சு ஒட்டாமல் விலகி ஓடும்.